டாய் பூடிலின் சுருள்முடி: கோடைக்கு மொட்டை போடலாமா, ஐப்பசி மழைக்கு என்ன நீளம்?

கோட்டையூர்_முகப்பு எழுதியது:

வணக்கம். டாய் பூடில், ஆண், 11 மாதம், ஆப்ரிகாட் நிறம், எடை 3.8 கிலோ. செட்டிநாட்டுப் பழைய வீடு, பகல் முழுக்க வளவிலும் (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) பின்கட்டுத் தோட்டத்திலும்தான் சுற்றுகிறது. மாசி முடியப்போகிறது. வெயில் ஏறுவதற்குள் முடி விஷயத்தை ஒழுங்கு பண்ண வேண்டும்.

தினமும் பிரஷ் போடுகிறோம். மேலாகப் பார்த்தால் புசுபுசுவென்று அழகாகத்தான் இருக்கிறது. விரலை உள்ளே விட்டால் காதுக்குப் பின்னால், முன்னங்கால் கக்கத்தில், ஹார்னஸ் (மார்புப் பட்டை) படும் இடத்தில் எல்லாம் சிக்கு. நான்கைந்து மாதம் முன்பு வரை இந்தத் தொந்தரவு இல்லை. பிரஷ் சரியில்லையா, பிரஷ் போடும் விதம் சரியில்லையா?

பார்லரில் கேட்டால், “கோடைக்கு ஜீரோ அடிச்சு விட்டுடலாம், மூணு மாசம் கவலையே இல்லை” என்கிறார்கள். நம்பிப் போகலாமா?

கிணற்றுத் தண்ணீர் சவர். ஷாம்பு சரியாக நுரைப்பதில்லை. ஆயா (பாட்டி), “சனிக்கிழமை நல்லெண்ணெய் வச்சு சீயக்காய் தேச்சு விடுங்க, முடி மெதுவாகும்” என்கிறார்கள். நாய்க்கு அது ஆகுமா?

மழைக்காலத்துக்கும் இப்போதே கேட்டுவைக்கிறேன். போன ஐப்பசி, கார்த்திகையில் காதில் புளித்த வாடை, விரலிடுக்கில் சிவப்பு. வருஷம் முழுக்க எந்தக் காலத்துக்கு எந்த நீளம், எத்தனை நாளைக்கு ஒரு குளியல் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

———

கத்தரியும்_சீப்பும் எழுதியது:

அண்ணே, 11 மாதம்னு சொன்னீங்களே, பாதி பதில் அதுலயே இருக்கு. குட்டி முடி போய்ப் பெரிய முடி வர்ற வயசு இது. பூடிலுக்கு ஏறக்குறைய 9 மாதத்தில் ஆரம்பிச்சு ஒன்றரை வயசு வரைக்கும் இந்த மாற்றம் ஓடும். குட்டி முடி மெல்லிசு, லேசா அலை அலையா இருக்கும். புதுசா வர்றது தடிமனான, இறுக்கமான சுருள். ரெண்டும் ஒரே சமயத்தில் தோல்மேல நிக்கிறதால ஒண்ணையொண்ணு பின்னிக்குது. மத்த நாய்க்கு உதிர்ந்த முடி தரையில விழும். பூடிலுக்கு அது பக்கத்துச் சுருள்ல மாட்டி உள்ளேயே கிடக்கும். வீட்டுல முடி கொட்டலைன்னு சந்தோஷப்படுறோமே, அந்த முடிதான் இப்படிச் சிக்கா உட்கார்ந்திருக்கு. அதை எடுக்க வேண்டியது சீப்பு.

பிரஷ் மட்டும் போட்டா மேல் ஒரு அங்குலம் அழகாகும், அடி அப்படியே இருக்கும். உங்க நாய்க்கு நடக்கிறது அதான். ஒரு ஸ்டீல் சீப்பு வாங்குங்க. ஏறக்குறைய 19 செ.மீ நீளம், பாதி அகலப்பல், பாதி நெருக்கப்பல், பல் நுனி மொழுக்குன்னு இருக்கணும். பிரஷ் போட்ட இடத்தில் சீப்பைத் தோல் வரைக்கும் இறக்கி வெளியே இழுங்க. முதல்ல அகலப்பல், அப்புறம் நெருக்கப்பல். தட்டாம வந்தாத்தான் அந்த இடம் முடிஞ்சது.

சீவுற முறை: நாயை மேசைமேல ரப்பர் பாய் போட்டு ஒருபக்கமாப் படுக்க வைங்க. பாதத்துக்கு மேலேயிருந்து ஆரம்பிச்சு முதுகை நோக்கி ஏறுங்க; முதுகிலிருந்து கீழே வராதீங்க. இடது உள்ளங்கையால முடியை மேல்நோக்கி ஒதுக்கிப் பிடிச்சா அடியில் தோல் ஒரு கோடாத் தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை முடியை மட்டும் ஸ்லிக்கரால (மெல்லிய கம்பி பிரஷ்) சின்னச் சின்ன இழுப்பா எடுங்க. அது சுத்தமானதும் கையை அரை அங்குலம் மேலே நகர்த்துங்க, அடுத்த கோடு. ஸ்லிக்கரை அழுத்தவே கூடாது. கம்பி தோலைக் கீறினா சாயங்காலம் அந்த இடம் சிவந்து, நாய் நக்க ஆரம்பிச்சிடும். எவ்வளவு அழுத்தலாம்னு உங்க மணிக்கட்டு உள்பக்கத்தில் ஒரு தடவை தேய்ச்சுப் பாருங்க, தெரிஞ்சிடும்.

காய்ஞ்ச முடியில் சீவினா முடி பாதியில் அறும். கால் லிட்டர் தண்ணியில் நாய்க்கான கண்டிஷனர் ஒரு டீஸ்பூன் கலந்து ஸ்பிரே பாட்டில்ல வச்சுக்கிட்டு லேசா ஈரம் தெளிச்சுச் சீவுங்க. இந்த அளவு நாய்க்கு முழுசா முடிக்க 20, 25 நிமிஷம் ஆகும். மாற்றம் ஓடுற இந்த ஏழெட்டு மாசம் தினம் வேணும். அப்புறம் வாரம் நாலு நாள் போதும். தினம் முழு உடம்புக்கும் நேரமில்லைன்னா காதுக்குப் பின்னால, ரெண்டு கக்கம், தொடை உள்பக்கம், வாலடி, தாடைக்குக் கீழே, இந்த இடங்களையாவது தினம் பாருங்க. ஹார்னஸை வீட்டுக்குள்ள கழட்டிடுங்க. நாள் முழுக்க அது போடுற உரசல்தான் நெஞ்சுச் சிக்கு.

இப்ப இருக்கிற சிக்குக்கு: முடிச்சோட வேர்ப்பக்கத்தைத் தோலை ஒட்டி ரெண்டு விரலால இறுக்கிப் பிடிச்சுக்கணும், இழுவை விரலுக்குப் போகும், தோலுக்குப் போகாது. ஒரு சிட்டிகை சோளமாவு தூவித் தேய்ச்சா வழுக்கும். சீப்போட கடைசி ரெண்டு மூணு பல்லால முடிச்சின் வெளி நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாப் பிரிங்க. வேரில் ஆரம்பிச்சா இறுகும். அஞ்சு நிமிஷத்தில் பிரியலைன்னா நாயைப் படுத்தாதீங்க. முடி திரும்ப வளரும், மேசைமேல ஏறுறதுக்கு நாய் பயப்பட ஆரம்பிச்சா அதைச் சரிபண்ண வருஷம் ஆகும்.

கத்தரிக்கோலை மட்டும் சிக்குக்கு அடியில் விடாதீங்க. முடிச்சு தோலையும் சேர்த்து மேலே இழுத்து வச்சிருக்கும், முடின்னு நினைச்சுத் தோலை வெட்டிடுவீங்க. தோலோட அப்பிக்கிட்ட சிக்கை, முடி வெட்டுற மெஷின்ல (க்ளிப்பர்) 10-ஆம் நம்பர் பிளேடு மாட்டி, அதை உடம்போட படுக்க வச்சு அடியில் ஓட்டி எடுக்கணும். காது மடலில் தடியாச் சிக்கு இருந்து அதை எடுத்தா, ரெண்டு நாள் நாய் தலையை உதறாமப் பார்த்துக்குங்க. இறுகிக் கிடந்த மடலுக்குத் திடீர்னு ரத்தம் ஓடும்போது அரிக்கும், உதற உதற மடலுக்குள்ள ரத்தம் கட்டி வீங்கிடும். ஒரு மெல்லிய துணிப் பட்டையைத் தலையைச் சுத்தித் தளர்வா மாட்டி வச்சா போதும்.

இன்னொண்ணு. சிக்கு இருக்கும்போது குளிப்பாட்டாதீங்க. நனைஞ்சு காய்ஞ்ச சிக்கு ரெண்டு மடங்கு இறுகும். முதல்ல சீவல், அப்புறம் குளியல், அப்புறம் டிரையர், கடைசியா வெட்டு. இந்த வரிசையை மாத்தினா எல்லாம் கெடும்.

———

ஆத்தங்குடி_தரை எழுதியது:

ஜீரோ விஷயம். பூடிலுக்கு ஒரே அடுக்கு முடிதான், அடிமுடி தனியாகக் கிடையாது. அதனால் மொட்டை போட்டாலும் முடி கெட்டுப்போகாது, திரும்ப வரும். ஆனாலும் பார்லர் சொல்வதை ஏற்க வேண்டாம். நாய் உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் வாய் திறந்து மூச்சிரைத்துத்தான் வெளியேற்றுகிறது. வியர்வைச் சுரப்பி பாதத்தில்தான் இருக்கிறது. தோல் தெரியச் சிரைத்தால் காற்றோட்டத்தில் பெரிய லாபம் இல்லை, வெயில் நேராகத் தோலில் விழும். ஆப்ரிகாட், வெள்ளை, க்ரீம் நிறங்களுக்கு முதுகும் மூக்கு மேடும் சுட்டுவிடும். கொசு, ஈ கடிக்கும். ஒட்டச் சிரைத்த இடத்தில் மூன்றாம் நாள் சிறு சிறு கொப்புளமும் வரும்.

கோடைக்குச் சரியான நீளம் உடம்பில் 6 முதல் 9 மி.மீ. பார்லரில் “சம்மர் கட்” என்று பொதுவாகச் சொல்லாமல் பிளேடு நம்பர் சொல்லிக் கேளுங்கள். 10-ஆம் நம்பர் விடுவது 1.5 மி.மீ, 7எஃப் 3 மி.மீ, 5எஃப் 6 மி.மீ, 4எஃப் 9 மி.மீ, 3எஃப் 13 மி.மீ. இந்த அளவெல்லாம் முடி படுத்திருக்கும் திசையில் ஓட்டினால்தான். எதிர்த்திசையில் ஓட்டினால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். “5எஃப் போட்டோம், ஆனா மொட்டையாயிடுச்சு” என்று புகார் வருவது இதனால்தான்.

பங்குனி தொடக்கத்தில் 4எஃப், சித்திரையில் கத்திரி தொடங்குமுன் 5எஃப், ஆனி முடிவில் மறுபடி 4எஃப் என்று வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் வளரும் முடி, ஆகவே 5, 6 வாரத்துக்கு மேல் தள்ளக் கூடாது. வயிறு, குதத்தைச் சுற்றி, சிறுநீர் படும் இடம் மூன்றும் எந்தக் காலமானாலும் 10. கோடையில் வயிற்றை 10-இல் வைப்பதில் இன்னொரு லாபம்: வளவுத் தரையில் கால் நீட்டிக் கவிழ்ந்து படுக்கும்போது ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி நேரே தோலில் ஏறும். உடம்பு முழுக்க மொட்டை போட்டாலும் கிடைக்காத சுகம் அது.

நீங்களே வெட்டுவதாக இருந்தால் பிளேடு சூட்டைக் கவனியுங்கள். நம் ஊர்ச் சித்திரையில், ஏ.சி. இல்லாத அறையில், ஓடத் தொடங்கிய பத்து நிமிடத்துக்குள் பிளேடு சுடும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாய்க்குத் தொடை இடுக்கில் கொப்புளமே வந்துவிடும். இரண்டு பிளேடு வைத்துக்கொண்டு, சூடேறியதைக் கழற்றித் தரைக்கல்மேல் படுக்க வைத்து மற்றதை மாட்டுங்கள். பல்வரிசையின் இரு முனையிலும் பின்பக்கத் தடத்திலும் ஒவ்வொரு சொட்டு க்ளிப்பர் எண்ணெய், வெட்டத் தொடங்குமுன் ஒருமுறை, நடுவில் ஒருமுறை. தேங்காயெண்ணெய் விட்டால் பிசினாகிப் பிளேடு நின்றுவிடும். செம்மண் புழுதியோடு வெட்டினால் ஒரே வெட்டில் பிளேடு மழுங்கும். அதனால்தான் குளிப்பாட்டிக் காய வைத்தபின் வெட்டு.

தோல் மடியும் இடங்களில், அதாவது கக்கம், விலாவும் தொடையும் சேரும் சவ்வு, காது மடல் ஓரம், இங்கெல்லாம் 7எஃப், 5எஃப் பல் இடைவெளியில் தோல் மாட்டிக் கிழியும். அந்த இடங்களுக்கு 10 மட்டும், தோலை இழுத்துப் பிடித்து.

———

தேவகோட்டை_ரஸ்தா எழுதியது:

மேலே சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். எல்லார் வீட்டிலும் வாரம் நாலு நாள் உட்கார்ந்து சீவ ஆள் கிடையாது. சீவாத 9 மி.மீ முடியைவிட, சீவத் தேவையில்லாத 3 மி.மீ முடி நாய்க்கு நல்லது. 7எஃப் போட்டால் மாதம் முழுக்கச் சிக்கே வராது, உண்ணியும் கண்ணில் படும். பத்து மணிக்கு மேல் நாலு மணி வரை வெயிலில் விடாமல் இருந்தால் தோலும் சுடாது. அழகு குறையும், அவ்வளவுதான்.

———

ஆத்தங்குடி_தரை எழுதியது:

அதில் எனக்குச் சண்டை இல்லை அண்ணே. 7எஃப் வரைக்கும் சம்மதம். 10-க்கும், அதைவிட ஒட்ட வெட்டும் 30-க்கும் இறங்கி “ஜீரோ” என்று சொல்வதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

———

பள்ளத்தூர்_ஆச்சி எழுதியது:

தம்பி, ஆயா சொன்னது மனுஷருக்குச் சரி, இதுக்கு வேண்டாம். சுருள்முடியில் எண்ணெய் வைத்தால் வேர் வரை போகாது, மேலேயே நின்று தோட்டத்துப் புழுதியைப் பிடித்துக்கொள்ளும். நாய் நக்கி உள்ளே போனால் கழியும். சீயக்காய் எவ்வளவு சலித்தாலும் நறநறப்பு போகாது. துகள் சுருளுக்குள் உட்கார்ந்துவிட்டால் ஒரு அண்டா தண்ணீர் ஊற்றினாலும் வராது. கண்ணில் பட்டால் நம்மைவிட அதற்கு அதிகம் எரியும். நாம் போடும் ஷாம்புவும் வேண்டாம். நம் தோலுக்கு ஏற்ற புளிப்பில் செய்தது அது. நாய்த் தோல் கிட்டத்தட்ட நடுநிலையில் இருப்பது, அடிக்கடி போட்டால் வறண்டு பொடுகு கொட்டும்.

சவர்த் தண்ணீருக்கு வழி: ஷாம்புவை நேராக முடியில் ஊற்றாதீர்கள். ஒரு பங்கு ஷாம்புவுக்குப் பத்துப் பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் சேர்த்து, ஒரு பாட்டிலில் குலுக்கி நுரையாக்கி ஊற்றுங்கள். முதல் தடவை அழுக்குப் போகும், நுரை வராது. அலசிவிட்டு இரண்டாம் தடவை போட்டால்தான் நுரைக்கும், அதை ஐந்து நிமிடம் ஊற விடுங்கள். வட்டமாகக் கசக்கித் தேய்க்கக் கூடாது, அதுவே சிக்குப் போடும். விரலை விரித்து முடி வளரும் திசையில் வழித்துவிடுங்கள். அலசுவதுதான் பெரிய வேலை. கடின நீரில் ஷாம்பு படிவு தங்கும், தங்கினால் முடி பிசுபிசுக்கும், தோல் அரிக்கும். தேய்த்த நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் அலச வேண்டும்.

நம் வீடுகளில் வளவு ஓட்டுத் தண்ணீரை அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்து வைக்கிற வழக்கம் இன்னும் இருந்தால், கடைசி அலசலுக்கு அந்த மழைத்தண்ணீர் நான்கைந்து லிட்டர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடி வழவழவென்று வரும். முதல் மழைத் தண்ணீர் ஆகாது, ஓட்டுத் தூசியெல்லாம் அதில்தான் இறங்கும். பிடித்ததை மூடி வையுங்கள், இல்லையென்றால் கொசு முட்டையிடும். மழைத்தண்ணீர் இல்லாவிட்டால் குடிக்கும் தண்ணீர் கேனில் கொஞ்சம்.

கோடையில் இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு குளியல், பனிக்காலத்தில் நான்கு வாரத்துக்கு ஒன்று. மழையில் எப்போது முழுக்கக் காய வைக்க முடியுமோ அப்போது மட்டும்.

———

மருந்தக_வாசல் எழுதியது:

மழைக்காலக் காது, விரலிடுக்கு பற்றி.

நமக்கு ஐப்பசி மட்டும் கணக்கில்லை. ஆவணி, புரட்டாசியிலேயே பகலெல்லாம் காய்ந்து சாயங்காலம் இடியோடு கொட்டும். சூடும் ஈரமும் சேர்ந்த அந்த நாட்களில்தான் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பூடிலின் காது தொங்கும் மடல், குழாய்க்குள்ளும் முடி. உள்ளே காற்றுப் போகாது. புளித்த வாடை, பழுப்புக் குரும்பி, தலையை உதறுவது மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் மலசீசியா என்ற ஈஸ்ட். ஆனால் பாக்டீரியாவும் அதே அறிகுறி காட்டும். குரும்பியைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. போன வருஷம் மிச்சமான சொட்டு மருந்தை மட்டும் நீங்களாக விடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் கேட்கும் திறனையே கெடுத்துவிடும்.

காது நன்றாக இருக்கும்போது வாரம் ஒருமுறை, மழையில் நனைந்தாலோ குளித்தாலோ அன்றைக்கே, நாய்க்கான காது கழுவும் திரவத்தைக் குழாய் நிறைய ஊற்றி, காதின் அடியில் 20, 30 விநாடி பிசையுங்கள். சளசளவென்று சத்தம் கேட்க வேண்டும். விட்டால் அதுவே உதறும். வெளியே வந்ததைப் பஞ்சால் துடையுங்கள். காதுக் குச்சி வேண்டாம், அழுக்கை உள்ளே தள்ளும். குளிப்பாட்டும்போது காதில் பஞ்சு வைக்கலாம், எடுக்க மறந்துவிடக் கூடாது.

காது முடியைப் பிடுங்குவது பற்றி இரண்டு கட்சி உண்டு. நோயில்லாத காதில் வழக்கமாகப் பிடுங்கத் தேவையில்லை என்பதே என் பக்கம். பிடுங்கிய வேர்க்கால்கள் புண்ணாகி அதுவே தொற்றுக்கு வழி விடும். அடிக்கடி சீழ் வரும் காதாக இருந்தால் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். மடலின் உள்பக்கமும் துளையைச் சுற்றியும் 10-ஆம் நம்பரில் குறைத்துவிட்டாலே காற்று நன்றாகப் போகும்.

விரலிடுக்கு: பாதத் திண்டுகளுக்கு இடையிலுள்ள முடியை மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிறு டிரிம்மரால் திண்டு மட்டத்துக்கு எடுக்க வேண்டும். ஈரமும் செம்மண்ணும் தங்குவது அங்கேதான். வெளியே போய் வந்தால் ஒரு மக் தண்ணீரில் பாதத்தை மட்டும் அலசி, விரல் விரலாக ஒற்றி எடுங்கள். மழைக்குப் பின் தோட்டத்தில் நாயுருவி முளைத்துக் கிடக்கும். அதன் விதை சுருளில் ஏறினால் சீப்பால் எடுக்க முடியாது, விரலால்தான் பிரிக்க வேண்டும். கூரான புல் விதை விரலிடுக்கில் குத்தி உள்ளே நகர்ந்தால் சீழ்க்கட்டி வரும். ஒரே விரலை விடாமல் நக்கினால் அதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். சிவப்பு மட்டும் இருந்தால் 2% குளோர்ஹெக்ஸிடினும் மைக்கோனசோலும் சேர்ந்த ஷாம்புவைப் பாதத்தில் போட்டு, பத்து நிமிடம் கடிகாரம் பார்த்து ஊறவிட்டு அலசுங்கள். இரண்டு நிமிடத்தில் அலசினால் மருந்து வேலை செய்யாது. எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

உண்ணி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பழைய வீடு என்றதால் சொல்கிறேன். நம் வீட்டு நாய்களில் அதிகம் காணும் பழுப்பு உண்ணி ரத்தம் குடித்ததும் நாயை விட்டு இறங்கி, சுவர் ஏறி, கதவு நிலை இடுக்கிலும் காரை பெயர்ந்த இடத்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டு இடுக்குகளை விட்டால் மூன்று வாரத்தில் திரும்ப வரும். இடுக்கை முதலில் காரை வைத்து அடையுங்கள்.

சுருள்முடியில் உண்ணி கண்ணுக்குத் தெரியாது. காது மடல் உள்பக்கம், விரலிடுக்கு, கழுத்துப் பட்டைக்குக் கீழே, தொடை இடுக்கு, இங்கே விரல் நுனியால் தடவுங்கள். கிடைத்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், கற்பூரம், தீக்குச்சி எதுவும் வேண்டாம். மருந்தில், அடிக்கடி குளிக்கும் பூடிலுக்கு மாத்திரை வசதி: அஃபாக்சோலனர், சரோலனர் மாதம் ஒன்று, ஃப்ளூராலனர் 12 வாரத்துக்கு ஒன்று. உங்கள் 3.8 கிலோ, சில மாத்திரைகளின் எடை வரம்பு ஓரத்தில் நிற்கிறது, வாங்கும் அன்று எடை போடுங்கள். வலிப்பு வந்த நாயென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். கழுத்தில் விடும் சொட்டு மருந்து என்றால் பெரும்பாலும் முன்னும் பின்னும் 48 மணி நேரம் குளியல் கூடாது, அட்டையைப் படியுங்கள். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் கலந்த எதையும் உள்ளே கொண்டுவராதீர்கள், பூனை செத்துவிடும்.

காய்ச்சல், சாப்பாடு வேண்டாமை, ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம், வயிற்றில் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளி: இதில் ஏதேனும் ஒன்று இருந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை. எர்லிக்கியா, பபேசியா என்ற ரத்தத் தொற்றுகள் இரண்டும் இந்த உண்ணியால் வருபவை. மேலே ஒருவர் வயிற்றை 10-இல் வைக்கச் சொன்னாரே, அந்தப் புள்ளிகள் கண்ணில் படுவதற்கும் அது உதவும்.

———

கோட்டையூர்_முகப்பு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஸ்டீல் சீப்பை விட்டுப் பார்த்தேன், பிரஷ் போட்ட இடத்திலேயே பாதியில் நின்றுவிட்டது. இன்னும் மூன்று சந்தேகம். வீட்டில் நாம் பயன்படுத்தும் ஹேர் டிரையரே போதுமா? மார்கழிக்கு எவ்வளவு நீளம் விடலாம்? பக்கத்து வீட்டுப் பொமரேனியனுக்கும் இதே 5எஃப் போடலாமா என்று கேட்கிறார்கள்.

———

கத்தரியும்_சீப்பும் எழுதியது:

பொமரேனியனுக்கு வேண்டவே வேண்டாம்னு சொல்லிடுங்க. அதுக்கு ரெண்டு அடுக்கு முடி. மெஷின் ஓட்டினா சில நாய்க்கு மேல்முடி மாசக்கணக்கா வராது, அடிமுடி மட்டும் திட்டுத்திட்டா நிக்கும். உதிர்ந்த அடிமுடியைச் சீவி எடுத்து, பாதம், வாலடி மட்டும் ஒழுங்கு பண்ணினா அதுக்குப் போதும்.

இந்த எடைக்கு வீட்டு டிரையர் போதும். மிதமான சூடு, 15, 20 செ.மீ தள்ளி, ஒரே இடத்தில் நிறுத்தாம. முதல்ல துண்டால தேய்க்காதீங்க. பிழிஞ்சு பிழிஞ்சு ஒத்தி எடுங்க, ரெண்டு துண்டு நனையுற வரைக்கும். அப்புறம் ஒரு கையில் டிரையர், ஒரு கையில் ஸ்லிக்கர். காத்து எங்க படுதோ அங்கதான் ஸ்லிக்கரும் போகணும். முடியை வேரிலிருந்து நீட்டி இழுத்துக்கிட்டே காய வைக்கணும். காதை முதல்ல முடிச்சிடுங்க, அப்புறம் கால், கடைசியா முதுகு. இன்னும் காய வைக்காத இடத்துமேல, அதோட முறை வர்ற வரைக்கும் ஈரத் துண்டைப் போர்த்தி வைங்க. தானாக் காயவிட்டா சுருள் சுருங்கி வேர்ல பூட்டிக்கும். மேலே தொட்டா காய்ஞ்ச மாதிரி இருக்கும், கக்கத்தில் ஈரம் நிக்கும். மழை மாசத்தில் அந்த ஈரம்தான் ரெண்டு நாள்ல நசநசன்னு புண்ணாகுது. மூடின கூண்டுக்குள்ள வச்சு டிரையரை ஓட விட்டுட்டுப் போறது மட்டும் எந்தப் பார்லர்லயும் அனுமதிக்காதீங்க, சூடு தலைக்கேறி உயிருக்கே வந்திடும். மழை நாள்ல காலையிலேயே, கரண்ட் இருக்கும்போதே குளியலை முடிச்சிடுங்க.

நீளம்: ஐப்பசி மழை பிடிக்கிறதுக்கு முன்னால ஒரு வெட்டு. உடம்பு 4எஃப், கால் நாலும் 5எஃப். காலைப் பஞ்சு உருளையா விட்டு வளர்க்கிறது போட்டோவுக்கு அழகு, நம்ம செம்மண் சேத்துக்கு ஆகாது. கார்த்திகை பாதியிலிருந்து உடம்பை வளர விடலாம். மார்கழி, தையில் 16, 19 மி.மீ வரைக்கும் தாராளமா வைக்கலாம். அப்ப புது முடியும் ஓரளவு நிலைச்சிருக்கும். அந்த நீளத்துக்கு 30-ஆம் நம்பர் பிளேடுமேல ஸ்டீல் கார்டு (நீளம் விட்டு வெட்ட மாட்டுற சீப்பு) மாட்டி ஓட்டணும். சிக்கு ஒண்ணு இருந்தாலும் கார்டு அங்கேயே மாட்டிக்கும், அதனால நெருக்கப்பல் சீப்பு தட்டாம ஓடின பிறகுதான் மெஷினை எடுக்கணும். 10-ஆம் நம்பர்மேல கார்டு மாட்டினா முடி கோடு கோடா வரும்.

மார்கழிக் காலையில் புல்லெல்லாம் பனியா இருக்கும். நடந்துட்டு வந்ததும் முழங்கால் வரைக்கும் ஒத்தி எடுத்துட்டு ஹார்னஸைக் கழட்டுங்க. கண்ணுக்குக் கீழே முடி நீண்டு முழியைக் குத்தாம, மூணு வாரத்துக்கு ஒரு தடவை நுனி உருண்ட கத்தரியால, கத்தரி முனை மூக்கைப் பார்த்து இருக்கிற மாதிரி வச்சு வெட்டுங்க. முனை கண்ணைப் பார்த்து இருந்தா, நாய் ஒரு துள்ளு துள்ளினாலும் ஆபத்து.

இப்ப சீப்பு பாதியில் நிக்குதுன்னு சொன்னீங்களே, அதை இந்த வாரம் கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சுப் பாருங்க. ஒரு கக்கம் ஒரு நாள், மறு கக்கம் மறுநாள். பிரிய மறுக்கிற இடத்தை மட்டும் 10-இல் எடுத்துட்டு, பங்குனி முதல் வாரம் குளிப்பாட்டி, மொத்தமா 4எஃப் போடுங்க. எடுத்த இடத்தில் குழி தெரியும், கவலைப்படாதீங்க, அஞ்சு வாரத்தில் அடுத்த வெட்டு வரும்போது மத்த முடியோட ஏறக்குறைய சேர்ந்திருக்கும்.